ஊராட்சித் தலைவரின் முதல் ஆண்டு: துணை சேர்த்து, தொழில் கற்று, கூடி வேலை செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

தேர்தலில் ஜெயித்த மறுநாள் தலைவர் வீட்டு வாசலில் ஐம்பது பேராவது நிற்பார்கள். மூன்று மாதம் கழித்து அதே தலைவர், எரிந்துபோன மோட்டாருக்கு எந்தக் கணக்கிலிருந்து செலவு செய்வது என்று தெரியாமல், பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலக வராந்தாவில் கோப்போடு தனியாக நிற்பார். புதிய தலைவர்களோடு உட்கார்ந்து தீர்மானமும் கணக்கும் படித்துக் காட்டுவது பல ஆண்டுகளாக என் வேலை. கெட்டிக்காரத்தனம் இல்லாமல் தடுமாறியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. தனியாக விடப்பட்டதால் தடுமாறியவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விஷயத்தைப் பற்றியது: பதவியேற்ற முதல் ஆண்டுக்குள் உங்களைச் சுற்றி யாரை, எப்படி, எந்த ஒழுங்கில் துணையாகச் சேர்ப்பது.

கொஞ்சம் பின்னணி. 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதையொட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. மாநிலத்தில் கிட்டத்தட்ட 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படி இடஒதுக்கீடு உண்டு. பெண்களுக்கான ஒதுக்கீடு 2016 சட்டத் திருத்தத்தால் 50 விழுக்காடு ஆனது. இந்த ஒதுக்கீடு சுழற்சியில் மாறுவதால், பெரும் எண்ணிக்கையில் புதியவர்கள் வருகிறார்கள். அவர்களில் பலருடைய வீட்டிலோ தெருவிலோ இதற்கு முன் யாரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அப்பாவோ சித்தப்பாவோ இல்லாதவர்களுக்குத்தான் கீழே உள்ளது அதிகம் பயன்படும்.

படி 1: முதல் வாரம், எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்

பொறுப்பேற்றதும் ஊராட்சி அலுவலகத்தில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துப் பட்டியல் போடுங்கள். தீர்மானப் புத்தகம், ரொக்கப் பதிவேடு, வங்கிப் பாஸ்புக்குகள், காசோலைப் புத்தகங்கள், வரி கேட்பு வசூல் நிலுவைப் பதிவேடு, எம்.புக் (வேலைகளின் அளவுப் புத்தகம்), சொத்துப் பதிவேடு, ஊராட்சியின் மின் இணைப்பு எண்கள், கடைசியாக வந்த தணிக்கை அறிக்கை. இல்லாததை 'இல்லை' என்றே எழுதுங்கள். ஊராட்சிச் செயலரும் நீங்களும் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை பி.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து ஒப்புதல் முத்திரை வாங்கிவிடுங்கள். முந்தைய காலத்துக் குறைக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிய நிலை வராமல் காப்பது இந்த ஒரு தாள்தான்.

தணிக்கை அறிக்கையைத் தள்ளிப் போடாதீர்கள். அதில் உள்ள தடைகளை, அதாவது தணிக்கையாளர் எழுப்பிய ஆட்சேபங்களைப் படித்தாலே, உங்கள் ஊராட்சியில் பணம் எந்த ஓட்டை வழியாகப் போகிறது என்பது பாதி புரிந்துவிடும்.

அப்புறம் அலுவலகத்தை விட்டு வெளியே வந்து தண்ணீரோடு நடந்து போங்கள். ஆழ்துளைக் கிணற்றில் தொடங்கி, மோட்டார் அறை, மேல்நிலைத் தொட்டி, ஒவ்வொரு வால்வு, கடைசித் தெருவின் கடைசிக் குழாய் வரை. ஒரு தலைவரம்மாவுடன் இப்படி நடந்த ஒரு காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டேங்க் ஆபரேட்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். வியர்வையில் ஓரம் சுருண்ட நோட்டு. எந்த வால்வை எத்தனை மணிக்குத் திறந்தார், எத்தனை நிமிடம் விட்டார் என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தார். மேற்குத் தெருவுக்கு நாற்பது நிமிடம், காலனிக்குப் பதினைந்து நிமிடம். "ஏன் இப்படி?" என்று அம்மா கேட்டார். "முன்னாடி இருந்தவங்க சொன்னபடிதாம்மா விடுறேன். யாரும் மாத்தச் சொல்லலை" என்றார் அவர். அந்தத் தலைவர் முதல் கூட்டத்தில் கொண்டுவந்த முதல் தீர்மானம் வால்வு நேரம் பற்றியது. அதற்குச் செலவு எதுவும் ஆகவில்லை. காலனிப் பெண்கள் அதற்குப் பிறகு ஒரு கிராம சபையையும் தவறவிட்டதில்லை.

படி 2: ஊராட்சிச் செயலரோடு ஓர் ஒழுங்குக்கு வாருங்கள்

கிராமத்தில் 'கிளர்க்' என்று சொல்லப்படும் செயலருக்கு எல்லாம் தெரியும். உங்களுக்கு இப்போதைக்கு எதுவும் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வை வைத்துச் செயலரை எதிரியாகப் பார்க்கத் தொடங்கினால் முதல் ஆண்டு சண்டையிலேயே போய்விடும். முழுக்க நம்பி, அவர் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாலும் ஆபத்து. நான் எல்லோருக்கும் சொல்வது இது: வாரத்தில் இரண்டு நாள், குறிப்பிட்ட நேரம், ஊராட்சி அலுவலகத்தில் உட்காருங்கள். கையெழுத்து அங்கேதான், அந்த நேரத்தில்தான். வீட்டுத் திண்ணையில் இல்லை, கல்யாண மண்டபத்தில் இல்லை, வண்டியில் போகும்போது நிறுத்தியும் இல்லை.

தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் முன், கடைசித் தீர்மானத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவே காலியிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் குறுக்காகக் கோடு போட்டு அடைத்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பயிற்சியில் இதை நான் சொல்லும்போது சிலர் முகம் மாறும். அவர்களுடைய புத்தகத்தில் அரைப் பக்கம் காலியாக இருப்பது அப்போதுதான் உறைக்கும். நடக்காத கூட்டத்தின் தீர்மானம் அந்த அரைப் பக்கத்தில்தான் பிறகு ஏறும்.

வாசிக்கச் சிரமப்படுகிறீர்களா? கூச்சப்படாதீர்கள். தீர்மானத்தைச் செயலர் கூட்டத்திலேயே உரக்கப் படிக்கட்டும், வார்டு உறுப்பினர் ஒருவர் பார்த்துச் சரி சொல்லட்டும், அதற்குப் பிறகு கையெழுத்து. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த தலைவர் ஒருவர், தினமும் ரொக்கப் பதிவேட்டின் ஒரு பக்கத்தை மகளோடு சேர்ந்து படித்து, ஆறாவது மாதம் ஓவர்சியரிடம் எஸ்டிமேட்டில் கேள்வி கேட்டதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

படி 3: துணைத் தலைவர், வார்டு உறுப்பினர்கள்

இந்தப் படியில்தான் அதிகமான ஊராட்சிகள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிராம ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். பணம் எடுக்க இருவர் கையெழுத்தும் வேண்டும் என்பது சட்டத்தின் 188-ஆவது பிரிவு. காசோலை போய் இணையவழிப் பணப் பரிமாற்றம் வந்த பிறகும் இருவர் ஒப்புதல் என்ற அடிப்படை மாறவில்லை. ஆக, உங்களை எதிர்த்து வேலை செய்த அணியிலிருந்து ஒருவர் துணைத் தலைவராக வந்தால், அவர் ஒப்புதல் இல்லாமல் ஒரு பல்பு கூட மாட்ட முடியாது. பல ஊர்களில் தூய்மைக் காவலர்களின் சம்பளம் நிற்பதற்குக் காரணம் இந்த முறுக்குதான்.

இதைச் சட்டத்தால் தீர்க்க வழி உண்டு. துணைத் தலைவர் காரணமில்லாமல் மறுத்தால், கூட்டத்தில் தீர்மானம் போட்டு மாவட்ட ஆட்சியருக்கு எழுதலாம். ஊராட்சிகளின் ஆய்வாளர் அவர்தான். 203-ஆவது பிரிவின் கீழ் அவருக்குள்ள அவசர அதிகாரம் உங்கள் மேலும் பாயும் என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் அந்த வழிக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன.

முதலில், தேர்தல் முடிந்த பத்து நாட்களுக்குள் துணைத் தலைவர் வீட்டுக்கு நீங்களே போங்கள். ஓட்டு கேட்கப் போனவர் இதற்கும் போகலாம். பேச்சு ஒரே விஷயமாக இருக்கட்டும்: மாதத்தில் எந்தத் தேதிக்குள் சம்பளமும் மின் கட்டணமும் போய்விட வேண்டும் என்று இருவரும் ஒத்துக்கொள்வது. பெரிய ஒற்றுமையை அன்றைக்கே தேட வேண்டாம். தூய்மைக் காவலர் சம்பளம் 5-ஆம் தேதிக்குள் என்று ஓர் உடன்பாடு வந்தால் அது போதும். சின்ன உடன்பாடு ஆறு மாதம் காப்பாற்றப்பட்டால்தான் பெரிய விஷயம் பேச வாய் வரும்.

அடுத்து, எந்தச் செலவானாலும் துணைத் தலைவருக்குக் கையெழுத்து நேரத்தில் முதன்முதலாகத் தெரியக் கூடாது. எஸ்டிமேட் வந்த அன்றே ஒரு நகல் அவர் கைக்குப் போகட்டும். மறுப்பவர்களில் பாதிப் பேர் செலவை மறுப்பதில்லை. தன்னைக் கேட்கவில்லை என்பதைத்தான் மறுக்கிறார்கள்.

வார்டு உறுப்பினர்களுக்கு வேலை கொடுங்கள். கிராம ஊராட்சியில் நியமனக் குழு, வளர்ச்சிக் குழு, வேளாண்மை மற்றும் நீர்வளக் குழு, பணிகள் குழு, கல்விக் குழு என ஐந்து குழுக்கள் உண்டு. பல இடங்களில் இவை காகிதத்தில் மட்டும் இருக்கின்றன. அவற்றுக்கு உயிர் கொடுக்கப் பெரிய ஏற்பாடு வேண்டாம். பணிகள் குழுவுக்கு: ஒவ்வொரு வேலையும் எம்.புக்கில் ஏறும் முன் குழு உறுப்பினர் ஒருவர் டேப் பிடித்து அளக்க வேண்டும். கல்விக் குழுவுக்கு: மாதம் ஒருமுறை பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்து வந்து கூட்டத்தில் சொல்ல வேண்டும். இப்படி ஒரே ஒரு வேலை, அதற்கு ஒரு பெயர், ஒரு தேதி. முதல் கூட்டத்தில் வாயே திறக்காத வார்டு உறுப்பினர் அம்மா, கழிப்பறையைப் பார்த்துவிட்டு வந்த இரண்டாம் மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசியதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த தேர்தலில் அந்த ஊரின் தலைவர் வேட்பாளராக அவர்தான் நின்றார்.

படி 4: பணத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஊராட்சியின் வரவு மூன்று வழிகளில் வருகிறது என்று மனதில் வையுங்கள். ஒன்று நாமே வசூலிப்பது: வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணங்கள். இரண்டு, மாநில நிதிக்குழு மானியம். மூன்று, ஒன்றிய நிதிக்குழு மானியம். இதற்கு வெளியே திட்டப் பணம் தனியாக வரும்.

ஒவ்வொரு பணத்துக்கும் ஒரு கட்டு உண்டு. எடுத்துக்காட்டாக, 2021 முதல் 2026 வரையிலான 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று ஒதுக்கப்பட்டது. மீதி 40 விழுக்காட்டை ஊரின் தேவைக்கு ஏற்பச் செலவிடலாம், ஆனால் சம்பளத்துக்கு எடுக்கக் கூடாது என்பது அப்போதைய விதி. நிதிக்குழு மாறும்போது விதி மாறும். உத்தரவு நகலைக் கேட்டு வாங்கி, அலுவலகச் சுவரில் ஒட்டிவிடுங்கள். "அந்தப் பணத்துல இதைச் செய்ய முடியாதும்மா" என்று யாராவது சொன்னால், சுவரைக் காட்டி "எந்த வரியில் அப்படி இருக்கு?" என்று கேட்கலாம்.

செலவுப் பக்கத்தில் மின் கட்டணம்தான் பெரிய விழுங்கி: மோட்டார்களும் தெருவிளக்குகளும். கடைசி ஒரு வருட மின் ரசீதுகளை இணைப்பு எண் வாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். ஓடாத மோட்டாருக்கும் கட்டணம் போய்க்கொண்டிருப்பது, ஒரே டேங்குக்கு இரண்டு மோட்டார் வீணாக ஓடுவது எல்லாம் இந்தத் தாளில் வெளிச்சமாகிவிடும். கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006-இல் ஏறத்தாழ 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக வாங்கியது. ஊராட்சிச் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து வாங்கி, மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனைக் கட்டியது. இந்தக் கதையைக் கேட்டதும் எல்லோரும் காற்றாலையைப் பற்றியே பேசுகிறார்கள். அந்த ஊராட்சி அதற்கு முன்பே தன் மின் செலவை அக்கறையோடு பார்த்து, உயிர்ம எரிவாயு அமைப்பு போன்ற சின்ன முயற்சிகளைச் செய்துபார்த்திருந்தது என்பதை நான் அதிகம் மதிக்கிறேன். நீங்கள் பின்பற்ற வேண்டியது அந்தப் பழக்கத்தை.

படி 5: பயிற்சியைப் பயன்படுத்தும் விதம்

மறைமலை நகரில் மாநில ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சி நிறுவனம் இருக்கிறது. வட்டார நிறுவனங்கள் கிருஷ்ணகிரி, பவானிசாகர், டி.கல்லுப்பட்டி, பட்டுக்கோட்டை, எஸ்.வி.நகரம் ஆகிய இடங்களில் உள்ளன. ராஷ்ட்ரிய கிராம சுவராஜ் அபியான் திட்டத்தின் கீழ் தலைவர்களுக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும் பயிற்சி நடக்கிறது. அழைப்பு வந்தால் போய்விடுங்கள். ஊரில் வேலை இருக்கிறது என்று கணவரையோ மகனையோ அனுப்பாதீர்கள். கையெழுத்து உங்களுடையது என்றால் கற்பதும் நீங்களாகத்தான் இருக்க வேண்டும்.

பயிற்சி தருகிற ஆள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: வெறும் கையோடு வருகிறவருக்கு எங்களால் பொதுவாகத்தான் பேச முடியும். உங்கள் ஊரின் தணிக்கைத் தடை ஒன்று, முடங்கிக் கிடக்கும் வேலை ஒன்று, புரியாத உத்தரவு ஒன்று, இந்த மூன்று தாள்களை எடுத்துக்கொண்டு வாருங்கள். இடைவேளையில் பயிற்றுநரைப் பிடித்து உட்கார வையுங்கள். இரண்டு நாள் வகுப்பில் கிடைக்காதது அந்த இருபது நிமிடத்தில் கிடைக்கும். திரும்பி வந்த வாரத்திலேயே, கற்றதில் ஒன்றை வார்டு உறுப்பினர் கூட்டத்தில் சொல்லிக் கொடுங்கள். சொல்லிக் கொடுக்கும்போது எது புரியவில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

படி 6: பக்கத்து ஊர்த் தலைவர்களோடு ஒரு வட்டம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். தலைவர் பதவியில் உள்ள தனிமையைப் பயிற்சி தீர்க்காது, அதிகாரி தீர்க்க மாட்டார். அதே நாற்காலியில் பக்கத்து ஊரில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவரால்தான் முடியும்.

ஐந்து அல்லது ஆறு ஊராட்சிகள் போதும். எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஊர்களாக இருந்தால் நல்லது. மாதம் ஒரு நாள், இரண்டு மணி நேரம், ஒவ்வொரு மாதமும் வேறொரு ஊராட்சி அலுவலகத்தில். தலைவர்கள் மட்டும், குடும்பத்தாரோ அதிகாரிகளோ கட்சிக்காரர்களோ வேண்டாம். கிராம ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. இந்த வட்டத்திலும் கட்சிப் பேச்சு இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.

நடத்தும் முறை எளிது. முதலில் ஒருவர் தன் ஊரின் ஒரு சிக்கலைப் பத்து நிமிடம் சொல்ல வேண்டும், தாளைக் காட்டி. அடுத்த பத்து நிமிடம் மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்க வேண்டும். "நான் உன் இடத்தில் இருந்தால்..." என்ற பேச்சுக்கு அதற்குப் பிறகுதான் இடம். இந்த ஒழுங்கு மிக முக்கியம்; இல்லாவிட்டால் வயதில் பெரியவரும் குரல் பெரியவரும் பேசிக்கொண்டே இருப்பார்கள், முதல்முறை வந்த இளம் பெண் தலைவர் தலையாட்டிவிட்டுப் போவார். கடைசியில் சிக்கலைச் சொன்னவர், அடுத்த மாதத்துக்குள் தான் செய்யப் போகும் ஒரு காரியத்தைத் தன் வாயால் சொல்ல வேண்டும். அடுத்த கூட்டம் அதைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். இங்கே பேசியது வெளியே போகக் கூடாது. ஒருமுறை போய்விட்டால் அடுத்த மாதம் யாரும் உண்மையைப் பேச மாட்டார்கள்.

இரண்டு மூன்று மாதம் கழித்து வட்டம் தானாகவே பேச்சிலிருந்து வேலைக்கு நகரும். நான் அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மூன்று ஊராட்சிகள் வழியாக ஓடும் ஒரு வரத்துக்கால்வாய். மேல் ஊரில் சீமைக் கருவேலம் அடைத்துக் கிடந்தது, நடு ஊரில் குப்பை கொட்டினார்கள், கீழ் ஊரின் ஏரி மழை பெய்தும் நிரம்பவில்லை. ஒவ்வொரு ஊரும் தனித்தனியாக மனு கொடுத்துக்கொண்டிருந்தது. ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) 100 ஏக்கருக்கு மேல் உள்ள ஏரி நீர்வளத் துறையிடம், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம் என்பது பொது ஏற்பாடு. இந்தக் கால்வாய் இரண்டு வகை ஏரிக்கும் தண்ணீர் கொண்டுபோனது. ஆகவே ஒவ்வொரு அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் காட்டியது.

மூன்று தலைவர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கால்வாய் நெடுக நடந்தார்கள். எந்த இடத்தில் என்ன அடைப்பு என்று ஒரே தாளில் வரைந்தார்கள். வி.ஏ.ஓ.விடம் புல வரைபடம் வாங்கி அகலத்தைச் சரிபார்த்தார்கள். மூன்று ஊராட்சிகளிலும் ஒரே வாசகத்தில் தீர்மானம் போட்டார்கள். தீர்மானங்களையும் வரைபடத்தையும் வைத்து, இரண்டு துறைப் பொறியாளர்களையும் ஒரே நாளில் இடத்துக்கு வரச் சொன்னார்கள். தனித்தனி மனுக்களுக்குக் கிடைக்காத பதில் இதற்குக் கிடைத்தது. இந்த வேலையில் மிகக் கடினமான பகுதி எது தெரியுமா? நடு ஊர்த் தலைவர் தன் ஊர்க் குப்பையைப் பற்றி மற்ற இருவர் முன் ஒத்துக்கொண்டதுதான். மாதாமாதம் உட்கார்ந்து பழகியிருந்ததால்தான் அவரால் அதைச் சொல்ல முடிந்தது.

குப்பை வண்டி ரிப்பேர், பிளம்பர், எலக்ட்ரீஷியன், தெருநாய்க் கருத்தடை முகாம் போன்றவற்றையும் இப்படிச் சேர்ந்து செய்யலாம். ஒவ்வொரு ஊராட்சியும் தன் பங்கைத் தன் தீர்மானம் மூலம் தனியாகச் செலவழிக்கட்டும். ஒருவர் பணத்தை இன்னொருவர் கையில் கொடுக்கிற ஏற்பாடு வேண்டாம். தணிக்கையில் நிற்காது, நட்பும் நிற்காது.

படி 7: துறைகளோடு

லைன்மேன், வி.ஏ.ஓ., கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், தலைமையாசிரியர், ரேஷன் கடை விற்பனையாளர், குடிநீர் வடிகால் வாரியப் பணியாளர். இவர்கள் யாரும் உங்களுக்குக் கீழ் வேலை செய்யவில்லை. ஆனால் ஊர் மக்கள் இவர்கள் எல்லோருடைய வேலைக்கும் உங்களைத்தான் கேட்பார்கள். மாதம் ஒருமுறை எல்லோரையும் ஒரே நேரத்தில் ஊராட்சி அலுவலகத்துக்கு அழைத்து, ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். முதல் கேள்வி உங்களுடைய குறையாக இருக்க வேண்டாம். "உங்க வேலைக்கு ஊராட்சி என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். அங்கன்வாடிக்குத் தண்ணீர் இணைப்பு வேண்டும், செவிலியருக்கு மழை ஒழுகாத அறை வேண்டும் என்று வரும். அதில் ஒன்றை அந்த மாதமே செய்து கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் உங்கள் குறையைச் சொல்லுங்கள்.

மேலே உள்ள அலுவலகங்களில் எதைக் கேட்டாலும் தீர்மான நகல், தேதி, ஒப்புதல் முத்திரை. போனில் சொன்னதற்குக் கணக்கு கிடையாது.

படி 8: மகளிர் குழுக்கள்

சுய உதவிக் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில், கூட்டம் நடத்தவும் கணக்கு எழுதவும் பழகிய பெண்கள் இருக்கிறார்கள். ஊராட்சிக்குத் தேவையான அதே திறமை. கேரளத்தில் 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழு அமைப்பு, உள்ளாட்சியோடு சேர்ந்தே வளர்ந்தது. அங்கே பல பெண் உறுப்பினர்கள் குழுவிலிருந்துதான் உள்ளாட்சிக்கு வந்தார்கள். நம் ஊரில் குழு ஒரு பக்கம், ஊராட்சி ஒரு பக்கம் என்று ஓடுவது எனக்கு எப்போதும் வருத்தம். கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும்போது, வீட்டுக்கு வீடு தேவை கேட்கும் வேலையைக் கூட்டமைப்போடு சேர்ந்து செய்யுங்கள். யார் வீட்டில் படுத்த படுக்கையாக முதியவர் இருக்கிறார், எந்தப் பெண்ணுக்கு உதவித்தொகை நின்றுபோயிருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

படி 9: கிராம சபையை உங்கள் பலமாக்குங்கள்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், நவம்பர் 1 உள்ளாட்சி தினம். இரண்டும் 2022 முதல் சேர்ந்தவை. குறைந்தபட்ச வருகைக்கு விதி உண்டு: மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர்.

ஆள் சேர்ப்பதைப் பற்றிக் கவலைப்படும் தலைவர்கள், போன கூட்டத்தின் தீர்மானங்கள் என்ன ஆயின என்று சொல்வதைப் பற்றி அவ்வளவு கவலைப்படுவதில்லை. கூட்டத்தை அதிலிருந்து தொடங்குங்கள். முடிந்தது, நடக்கிறது, முடியவில்லை, ஏன் முடியவில்லை. முடியாததைச் சொல்லத் தயங்க வேண்டாம். அடுத்து வரவு செலவை ஒரே பெரிய சார்ட்டில், பின்வரிசைக்கும் தெரியும் எழுத்தில் எழுதி மாட்டுங்கள். கூட்டம் எல்லாக் குடியிருப்புகளுக்கும் மாறி மாறிப் போகட்டும். கோயில் வாசலில் மட்டுமே நடக்கும் கிராம சபைக்கு யார் வர முடியாது என்று உங்களுக்கே தெரியும்.

சத்தம் வரும். எதிர் அணி கூச்சல் போடும். அப்போது நீங்கள் ஒருவராக மேடையில் நிற்காமல், தண்ணீர் பற்றிய கேள்விக்கு நீர்வளக் குழு உறுப்பினரும், வேலை பற்றிய கேள்விக்குப் பணிகள் குழு உறுப்பினரும் பதில் சொன்னால் கூட்டத்தின் முகமே மாறிவிடும். மூன்றாம் படியில் செய்த வேலையின் பலன் இங்கே கிடைக்கும்.

படி 10: உட்கார விடாதபோது

1997-இல் மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பதவியில் அவர் உட்கார்ந்ததற்காக. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊர்களில் 1996 முதல் பத்து ஆண்டுகள் தேர்தல் நடக்க விடவில்லை, 2006-இல்தான் நடந்தது. 2022 ஆகஸ்டில் கூட, பட்டியல் சாதித் தலைவர்கள் தடையின்றிக் கொடியேற்ற வேண்டும் என்று தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஆகவே நாற்காலி, பெயர்ப் பலகை, கொடிக்கயிறு, அலுவலகச் சாவி இவற்றைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், பட்டியல் சாதி, பழங்குடி ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ பணி செய்ய விடாமல் தடுப்பதையும் மிரட்டுவதையும் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. நடந்ததை அன்றே தேதி, நேரம், இடம், அருகில் இருந்தவர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். பி.டி.ஓ., காவல் கண்காணிப்பாளர், ஆட்சியர் மூவருக்கும் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். தனியாகப் போகாதீர்கள், ஆறாம் படியில் சொன்ன வட்டத்திலிருந்து இரண்டு தலைவர்களையாவது கூட்டிக்கொண்டு ஆட்சியர் அலுவலகம் போங்கள். வேறு சாதித் தலைவர்கள் உங்களோடு வந்து அந்த அறையில் உட்காரும்போது, அதிகாரி பேசும் தொனியே வேறாக இருக்கும். அந்த வட்டத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: கூப்பிடும் வரை காத்திருக்காதீர்கள். கொடியேற்றும் நாளுக்கு முந்தைய நாளே போன் செய்து, "நாளைக்கு நாங்க வரட்டுமா அக்கா?" என்று கேளுங்கள்.

பெண் தலைவர்களுக்கு இன்னொரு தடை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 'தலைவர் வீட்டுக்காரர்' கூட்டத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்லும் வழக்கத்தை, நேரடிச் சண்டை இல்லாமல் மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். கணவருக்கு வண்டி ஓட்டுவது, வரிசையில் நின்று நகல் எடுப்பது போன்ற உதவிகள் சரி. கூட்ட அறைக்குள் தலைவரும் உறுப்பினர்களும் மட்டும் என்று முதல் கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் போட்டுவிடுங்கள். 'தீர்மானம் இருக்குங்க' என்று சொல்வது, 'நீங்க வராதீங்க' என்று சொல்வதைவிட வீட்டில் எளிது.

படி 11: ஆண்டு முடிவில்

பன்னிரண்டாம் மாதம் ஒரு நாள், துணைத் தலைவர், வார்டு உறுப்பினர்கள், செயலர், டேங்க் ஆபரேட்டர், தூய்மைக் காவலர்கள், கூட்டமைப்புத் தலைவி எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள். முதல் வாரத்தில் எடுத்த பட்டியலை வெளியே எடுத்து வரி வரியாகப் படியுங்கள். 'இல்லை' என்று எழுதியதில் எது இப்போது இருக்கிறது, தணிக்கைத் தடைகளில் எத்தனை தீர்ந்தன, வரி நிலுவை குறைந்ததா.

அன்றைக்கே ஒரு நோட்டுப் போடுங்கள். உங்களுக்குப் பிறகு சுழற்சியில் யார் வந்தாலும் அவர் கைக்குப் போக வேண்டிய நோட்டு. ஒவ்வொரு மோட்டாரின் குதிரைத்திறன், கடைசியாகக் காயில் கட்டிய தேதி, மின் இணைப்பு எண், வழக்கில் கிடக்கும் புறம்போக்கு, பாதியில் நிற்கும் வேலை, எந்த மனு எந்த அலுவலகத்தில் எந்த எண்ணில் இருக்கிறது என்பது எல்லாம் அதில் ஏறட்டும். முதல் பக்கத்தில் டேங்க் ஆபரேட்டரின் பெயர், போன் நம்பர். இரண்டாம் பக்கத்தில் வால்வு நேரம், தெரு வாரியாக.